மார்கழி விடுமுறையும் நாங்கள் பழகாத கடலும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையை எழுதியவர்கள் மூன்று பேர். மூவரும் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒருத்தி வெள்ளவத்தையில், கடற்கரையில் போய் முடிகிற ஒழுங்கை ஒன்றில் வளர்ந்தவள். இன்னொருத்தி கொட்டாஞ்சேனைக்காரி. மூன்றாமவள் வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பாடசாலை விடுமுறை விட்ட கையோடு யாழ்தேவி ஏறுகிறவள். அவள் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். மூன்று மாதமாகத் தொலைபேசியில் கதைத்துக் கதைத்து எழுதியதால், எந்த வரி யாருடையது என்று எங்களுக்கே இப்போது மறந்துபோய்விட்டது. ஆகவே நாங்கள் என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். இந்த மேடையில் நிற்பவள் வாசிப்பவள் மட்டுமே.

செயலாளர் எங்களிடம் கேட்டது, "மார்கழி விடுமுறையைப் பற்றிக் கதையுங்கோ, பழைய கதைகளாக இருக்கட்டும், ஆக்கள் சிரிக்கட்டும்" என்றுதான். முக்கால்வாசி அப்படியே செய்திருக்கிறோம். கடைசிக் கால்வாசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறோம். அதுவரை எழுந்து போகாமல் இருக்கவேண்டும்.

நாங்கள் சொல்வது 1967க்கும் 1976க்கும் இடைப்பட்ட விடுமுறைகளை. மூன்றாம் தவணை டிசெம்பர் முற்பகுதியில் முடியும். றிப்போட் கையில் வரும். வகுப்பேற்றம் கிடைத்ததா இல்லையா என்று வீட்டில் பார்த்து முடிந்ததும் ஜனவரி வரையில் நாங்கள் ராணிகள். சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற அக்காமார் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அறைக்குள் இருப்பார்கள். அவர்களுக்காக நாங்கள் வீட்டுக்குள் சத்தம் போடக்கூடாது. அதனால் எங்களை வெளியே துரத்துவார்கள். பரீட்சை எழுதிய அக்காமாருக்கு எங்கள் தாமதமான நன்றி.

தங்கச்சிமாருக்கு ஒன்று விளக்கவேண்டும். 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் சனி, ஞாயிறு விடுமுறை கிடையாது. போயா தினமும் அதற்கு முதல் நாளும்தான் வார விடுமுறை. மாதத்தில் நான்கு போயா. நிலவு நகர நகர விடுமுறையும் நகரும். ஒரு வாரம் புதன்கிழமை லீவு, அடுத்த முறை வியாழன். கொட்டாஞ்சேனையில் ஞாயிறு விடியக்காலைப் பூசை கண்டு, அப்படியே வந்து உடுப்பு மாற்றி வேலைக்கு ஓடிய அப்பாமார் இருந்தார்கள். எங்களுக்கு அரசியல் விளங்கவில்லை. கலண்டரைப் பார்த்து, "அப்பாவுக்குப் போயா எப்ப? காலிமுகத்திடலுக்கு எப்ப?" என்று கேட்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

மார்கழியின் காலைகளை முதலில் சொல்லவேண்டும்.

வெள்ளவத்தையில் அம்மம்மாமார் இருந்த வீடுகளில் கார்த்திகை விளக்கீடு கழிந்த கையோடு பிள்ளையார் கதை தொடங்கிவிடும். இருபத்தொரு இழையில் காப்புக் கட்டி, இருபத்தொரு நாள் ஒரு பொழுது உண்டு, மாலையில் கதை படித்து முடிப்பார்கள். படிக்கத் தெரிந்த பேத்திக்கு அதில் வேலை உண்டு. எங்களில் ஒருத்திக்குத் தமிழ் உரத்து வாசிக்க வந்தது வகுப்பில் அல்ல, அம்மம்மாவின் பாயில் இருந்துதான். பிறகு திருவெம்பாவை வரும். பத்து நாளும் விடியக்காலை நாலு மணிக்கு எழுப்பி, தலையில் தண்ணீர் ஊற்றி, கண் திறக்கும் முன்பே கோயிலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். அந்தக் குளிரை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கொழும்புக் குளிர் ஒரு குளிரா? ஆனால் அந்த நேரத்தில் ஈரத் தலையோடு எங்களுக்குப் பல் கிட்டியது உண்மை.

கொட்டாஞ்சேனையில் இரண்டு வகைக் கதையும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும். டிசெம்பர் 13 புனித லூசியாளின் திருநாள். அந்தப் பெரிய கோபுரத்துக்குக் கீழே பேராலயம் நிறையச் சனம். அது முடிய நத்தார் நவநாள். இந்தப் பக்கம் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். 1856இல் பொன்னம்பல முதலியார் கட்டியதை, மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கிக் கருங்கல்லில் திருப்பிக் கட்டினார். வெய்யில் நேரம் போனாலும் உள்ளே கால் குளிரும். கத்தோலிக்க வீட்டுப் பிள்ளையான எங்கள் கொட்டாஞ்சேனைக்காரிக்குத் திருவெம்பாவைச் சங்கு கேட்டால் எழும்புகிற பழக்கம் இன்றைக்கும் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சுண்டலுக்காகப் போய்வருவாள். அதே பிள்ளைகள் நத்தார் நடுச்சாமப் பூசை முடியும்வரை விழித்திருந்து கேக்குக்காக இவள் வீட்டுக்கு வருவார்கள். இதில் சமய நல்லிணக்கம் என்று நாங்கள் பேசவில்லை. பசி என்றுதான் பேசினோம்.

மூன்றாமவளின் காலை கோட்டைப் புகையிரத நிலையத்தில் விடியும். மொறிஸ் மைனர் டாக்ஸியில் ஆறு பேர், மடியில் பெட்டிகள், இடியப்பப் பார்சல், தேத்தண்ணிப் பிளாஸ்க். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவிதான் அன்றைக்கு எங்களில் பாதிப்பேருக்கு ஊருக்குப் போகிற வழி. அங்கே மார்கழி என்றால் மழை, பனங்கிழங்கு, கட்டு நிரம்பிய கிணறு. அண்ணன்மார் விண் பூட்டிப் பட்டம் ஏற்றுவார்கள். இரவிரவாக அது வானத்தில் கூவிக்கொண்டு நிற்கும். எங்கள் வேலை நூல் கட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பது. கீரிமலைக்குப் போனால் ஆண்களுக்குப் பெரிய கேணி. மதிலில் ஏறி நின்று குதிப்பார்கள். பெண்களுக்கு மறைப்புக் கட்டிய சிறிய கேணி. அதில் இடுப்பளவு நீரில் நின்று மூன்று முறை முழுகிவிட்டு ஏறவேண்டும். இந்தக் கேணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

விடுமுறை என்றால் விளையாட்டு மட்டும் என்று நினைக்கவேண்டாம். எழுபதுகளின் முற்பகுதியில் பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லை என்றால் அம்மாமாருக்குக் கியூவில் நிற்க ஆள் கிடைத்தது என்று பொருள். பாணுக்கு ஒருத்தி, சங்கக்கடையில் கூப்பன் அரிசிக்கு ஒருத்தி, மண்ணெண்ணெய்க்குத் தம்பி. கியூவிலேயே நாங்கள் கல்லுச் சுண்டினோம், கதைப்புத்தகம் மாற்றினோம், முன்னால் நின்ற மாமியின் சேலைக் கரையைப் பார்த்துப் பின்னல் மாதிரி பழகினோம். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் திராட்சை வற்றல் கண்ணில் படாத நத்தார்களும் வந்தன. அதற்காகக் கேக் நிற்கவில்லை. நீற்றுப் பூசணித் தோசியும் கஜுவும் ரவையும் போட்டு அடித்தார்கள். அடிக்கிற கை மாறி மாறி வரும். வெண்ணெயும் சீனியும் வெள்ளையாகும் வரை அடிக்கவேண்டும், நடுவில் நக்கக்கூடாது. தட்டில் ஊற்றி, அடையாளத்துக்கு ஒரு பேப்பர் துண்டில் வீட்டுப் பெயர் எழுதி, பேக்கரிப் போறணைக்குக் கொண்டுபோவோம். வேகும் வரை அந்த வாசலிலேயே காவல். ஒரு முறை தட்டு மாறிப்போய், எங்கள் கேக்கை இன்னொரு வீடு பாதி சாப்பிட்டு முடித்தபின்தான் கண்டுபிடித்தோம். அவர்களுடைய கேக் எங்களுடையதைவிட நன்றாக இருந்ததால் நாங்கள் பெரிதாக முறைப்படவில்லை.

பின்னேரம் வெளியே. ஒழுங்கையில் கிரிக்கெட் நடக்கும். பந்து மதிலைத் தாண்டினால் அவுட், நாய் உள்ள வளவுக்குள் விழுந்தால் ஆறு பேரின் விளையாட்டும் முடிந்தது. பெண்பிள்ளைகளுக்குப் பந்து பொறுக்குகிற உரிமை உண்டு, துடுப்பெடுக்கிற முறை கடைசியில், வெளிச்சம் போகும் நேரத்தில் வரும். சைக்கிள் பழகியது அண்ணனின் பெரிய சைக்கிளில், பாருக்குக் கீழே காலை விட்டு. முழங்கால் தழும்பு மூவருக்கும் இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்தோம். தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கு வருடத்தில் ஒரு நாள் உறுதி. ஊரிலிருந்து யாராவது வந்திருந்தால் இரண்டு நாள். பின்னேரம் யானைகள் ஆடிக் காட்டும் வரை நின்று, கால் உளைந்து, இ.போ.ச. பஸ்ஸில் நித்திரையாகி வருவோம். அந்த யானைகளுக்கு விடுமுறை இருந்ததா என்று அப்போது நாங்கள் யோசித்ததில்லை.

எல்லாவற்றிலும் பெரியது காலிமுகத்திடல். கச்சான், இறால் வடை, உப்புத்தூள் தூவிய அன்னாசித் துண்டு, ஐஸ்பழம். அப்பாமார் புல்லில் இருந்து வேலைக் கதை கதைப்பார்கள். அம்மாமார் வீட்டிலிருந்து கட்டி வந்ததைப் பிரித்துப் பங்கிடுவார்கள். அங்கே ஒரு நினைவுக்கல் உண்டு. எங்களில் எத்தனை பேர் அதை நின்று வாசித்திருக்கிறோம்? இந்தக் கடலோர நடைபாதையைத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கினார், 1859இல் முடிந்தது, கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதைப் பின்னால் வருகிறவர்களிடம் ஒப்படைக்கிறார் என்பது அதன் சாரம். அவர் மனத்தில் இருந்த சீமாட்டிகள் எங்கள் பாட்டிமார் அல்லர் என்பது தெரியும். ஆனாலும் கல்லில் வெட்டியாயிற்று. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று எழுதிய கடலோரம் அது. நாங்கள் அந்தக் கடலின் ஓரத்தோடு நின்றுவிட்டோம் என்பதுதான் இனிச் சொல்லப்போகிற கதை.

வெள்ளவத்தையில் கடல் எங்களுக்குத் தூரமில்லை. ஒழுங்கையின் முடிவில் தண்டவாளம், அதற்கு அங்கால் கருங்கல், அதற்கு அங்கால் கடல். இரவில் ரயில் போனால் கண்ணாடி அலுமாரியில் கோப்பைகள் கிலுங்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் அலை தண்டவாளம் வரை சாரல் அடிக்கும், கிட்டப் போகவிடமாட்டார்கள். மேற்குக் கரையில் கடல் அடங்குவது நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரைதான். ஆகவே மார்கழி விடுமுறைதான் எங்கள் கடற்காலம். அண்ணன்மார் கின்றோஸ் பக்கம் போய் நீந்துவார்கள். நாங்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவில் நிற்போம். "முழங்காலுக்கு மேலை போகக்கூடாது" என்று அம்மா கல்லில் இருந்துகொண்டே சொல்லுவார். கையில் துவாய். கண் எங்கள் மேலேயே இருக்கும்.

1972 டிசெம்பர். நத்தாருக்கு இரண்டு மூன்று நாள் முந்தி. கொட்டாஞ்சேனைக்காரி வெள்ளவத்தையில் வந்து தங்கியிருந்தாள். ஊருக்குப் போகவேண்டியவளும் அந்த முறை ஏதோ காரணத்தால் போகவில்லை. மூவரும் தண்ணீரில் நின்றோம். கடல் பால் மாதிரி அமைதி. ஒரு அலை வந்து திரும்பும்போது காலுக்குக் கீழே இருந்த மணலையும் சேர்த்துக் கொண்டுபோனது. கொட்டாஞ்சேனைக்காரி விழுந்தாள். எழும்பப் பார்த்தாள், அடுத்த இழுவை அவளை இன்னும் உள்ளே கொண்டுபோனது. மற்ற இரண்டு பேரும் கத்தினோம். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வெள்ளவத்தை அம்மா சேலையோடு ஓடி வந்து இறங்கினார். அவருக்கும் நீந்தத் தெரியாது. பிள்ளையின் கையைப் பிடித்துவிட்டார். ஆனால் நனைந்த சேலை காலைச் சுற்றியதால் அவரும் விழுந்தார். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் வந்து, ஒரு கையில் அம்மாவையும் மறு கையில் பிள்ளையையும் இழுத்துக்கொண்டுவந்து மணலில் போட்டார். சிங்களத்தில் எங்கள் எல்லோரையும் ஏசினார். பிறகு தன் துவாயை அம்மாவின் தோளில் போட்டுவிட்டு வலைக்குத் திரும்பிப் போனார். பெயர் கேட்கவில்லை. நத்தாருக்கு அடுத்த நாள் அம்மா துவாயைத் தோய்த்து மடித்து, ஒரு தட்டுக் கேக்கோடு கொண்டுபோனார். அவர் கடலுக்குப் போயிருந்தார். மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

இந்த விஷயம் எந்த அப்பாவுக்கும் சொல்லப்படவில்லை. கொட்டாஞ்சேனை வீட்டுக்கும் சொல்லப்படவில்லை. இன்றைக்கு இந்த மேடையில்தான் முதன்முறையாக வெளியில் வருகிறது. ஆனால் அன்றோடு கடல் முடிந்தது. அடுத்த மாதங்களில் ஒவ்வொருத்தியாகப் பெரியபிள்ளை ஆனோம். அதற்குப் பிறகு கேட்கவே தேவையில்லை. கீரிமலையில் மறைப்புக்குள் மூன்று முழுக்கு, வெள்ளவத்தையில் கல்லில் இருந்து பார்க்கிற கடல்.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. அதற்கு முந்திய ஆண்டு, 1971இல், வல்வெட்டித்துறை ஆனந்தன் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி, அங்கிருந்து திரும்பியும் நீந்தி வந்திருந்தார். 51 மணித்தியாலம். அவருக்கு முன்னரே, 1954இல், நவரத்தினசாமி பாக்குநீரிணையைக் கடந்திருந்தார். வீட்டில் பத்திரிகைப் படத்தை வெட்டி ஒட்டினோம். தமிழனுக்குக் கடல் பயமில்லை என்று மாமாமார் பெருமை பேசினார்கள். அதே வீட்டில், அதே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்பிள்ளைகளுக்கு முழங்கால்தான் எல்லை. கல்கத்தாவில் ஆரதி சாஹா என்ற பெண் 1959இலேயே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்திருந்தார். ஆசியாவிலேயே அதைச் செய்த முதல் பெண். அவருடைய படத்தை எங்கள் வீடுகளில் யாரும் வெட்டி ஒட்டியதாக ஞாபகம் இல்லை.

அம்மாமாரை நாங்கள் குறை சொல்லவில்லை. பயந்தவர் சும்மா பயப்படவில்லை. கண்ணால் கண்டு பயந்தார். ஆனால் பயத்துக்கு மருந்தாக அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், மறிப்பது.

பிறகு காலம் எங்களைப் பிரித்துவிட்டது. 1983 யூலையில் அந்த ஒழுங்கையில் எத்தனையோ வீடுகள் வெறுமையாயின. எங்களில் ஒருத்தி அன்றைக்குப் போனவள்தான், குடியிருக்கத் திரும்பி வரவில்லை. பிறகு வந்த சோதனைச் சாவடிக் காலத்தில், பின்னேரம் கடற்கரைக்குப் போவதென்றால் அடையாள அட்டை எடுத்தாயா என்று கேட்டுத்தான் பிள்ளைகளை அனுப்பினோம். அந்தக் காலத்துத் தங்கச்சிமாருக்கு எங்களுக்குக் கிடைத்த முழங்கால் கடலும் கிடைக்கவில்லை.

2004 டிசெம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், நத்தாருக்கு மறுநாள். மூன்று விடுமுறையும் ஒன்றாக வந்த காலை. கோட்டையிலிருந்து மாத்தறைக்குப் போகிற ரயில் அன்று விடுமுறைக்குப் போகிற குடும்பங்களால் நிறைந்திருந்தது. வெள்ளவத்தைக் கரையோரமாக, எங்கள் ஒழுங்கையின் முடிவு வழியாகத்தான் அது போனது. பெரலியவில் கடல் அதை எடுத்தது. அதில் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேல். வெள்ளவத்தையில் தண்டவாள ஓரக் குடிசைகளுக்குள்ளும் தண்ணீர் வந்தது. கடல் பின்வாங்கியதைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடினார்கள். பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எங்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அந்தப் பேரலையை நீச்சலால் வெல்லலாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. நீந்தத் தெரிந்த மீனவர்களையும் அது கொண்டுபோனது. ஆனால் அடுத்த ஆண்டு ஒக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கை ஒன்றை எங்களில் ஒருத்தி வாசித்தாள். பார்த்த ஊர்களில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்திருந்தார்கள். நம் நாட்டில் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, நீந்துவதும் மரமேறுவதும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்பட்டவை என்பது. அதைத் தொலைபேசியில் வாசித்துக்காட்டினாள். மூவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்த வாரம் வெள்ளவத்தை அம்மா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மகளிடம் சொன்னார்: "அண்டைக்கு உங்களை மறிச்சது பிழையில்லை, பிள்ளை. ஆனா பிறகு ஆரிட்டையாவது விட்டு நீந்தப் பழக்கியிருக்கலாம். எனக்கு அது யோசினையே வரேல்லை." 1972க்குப் பிறகு அவர் அந்த நாளைப் பற்றிக் கதைத்தது அந்த ஒரு தடவைதான்.

ரொறன்ரோக்காரியின் கதையையும் சொல்லிவிடவேண்டும். அவளுடைய பேத்திக்கு எட்டு வயது. அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிர்பிழைக்க நீந்துதல் என்ற பயிற்சி உண்டு. போட்டிக்கான நீச்சல் அல்ல. மூன்றே மூன்று காரியம். ஆழமான நீருக்குள் உருண்டு விழுந்து நிமிரவேண்டும். ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே மிதக்கவேண்டும். பிறகு 50 மீற்றர் எப்படியாவது நீந்திக் கரை சேரவேண்டும். ஆபத்தில் தவறி விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இவ்வளவும்தான் தேவை என்பது அதன் கணக்கு. பேத்தி வந்து, "அம்மம்மா, உங்களுக்கு எத்தனை நிமிசம் மிதக்க ஏலும்?" என்று கேட்டாள். அம்மம்மாவுக்கு ஒரு விநாடியும் ஏலாது. அந்த டிசெம்பரிலேயே, வெளியே முழங்கால் அளவு பனி கிடக்க, மண்டபத்துக்குள் இருந்த வெந்நீர்த் தடாகத்தில் பெண்களுக்கான நேரம் ஒன்றில் போய்ச் சேர்ந்தாள். முதல் வாரம் பிடியை விடவில்லை. ஆறாவது வாரம் மல்லாந்து மிதந்தாள். அன்றைக்கு எங்கள் இரண்டு பேரையும் நித்திரையால் எழுப்பி, "நான் மிதந்தனான்" என்று சொன்னாள். அறுபது வயது தாண்டியவளின் அந்தக் குரலைக் கேட்டபோதுதான் இந்த உரையின் எண்ணம் வந்தது.

இனி எங்கள் கோரிக்கை. நூற்றாண்டு நிதியில் கட்டடத்துக்கும் நூலகத்துக்கும் பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நல்லது. அதோடு ஒவ்வொரு மார்கழி விடுமுறையிலும் நமது பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் நீச்சல் பயிற்சி ஒன்றை நமது சங்கம் நடத்தவேண்டும் என்று கேட்கிறோம். கடலில் அல்ல, தடாகத்தில். கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் சுகததாச விளையாட்டரங்கில் தடாகம் இருக்கிறது. வெள்ளவத்தைப் பக்கத்திலும் வாடகைக்கு எடுக்கக்கூடிய இடங்கள் உண்டு. பயிற்றுவிப்பவர்கள் பெண்களாக இருக்கட்டும். இலக்கு அதே மூன்று காரியம்: விழுந்தால் நிமிர, ஒரு நிமிடம் மிதக்க, 50 மீற்றர் சேர. அதோடு கடலைப் பற்றிய இரண்டு பாடம். கடல் திடீரென்று பின்வாங்கினால் பார்க்க நிற்காமல் மேட்டுக்கு ஓடு. அலை உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாதே. மித, கையை உயர்த்து, முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி இழுவையிலிருந்து விலகு, பிறகு கரைக்குத் திரும்பு. இந்த இரண்டு வசனம் 1972இல் எங்களுக்குத் தெரிந்திருந்தால், மூன்று பேரும் அம்மாவும் அப்படிப் பயந்திருக்கத் தேவையில்லை.

என்ன சொல்லி மறுப்பீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அதையெல்லாம் நாங்களும் சொல்லியிருக்கிறோம். பிள்ளை வெய்யிலில் கறுத்துப்போகும். கறுக்கட்டும், பிறகு வெளுக்கும். நீச்சலுடை சரிவராது. முழுக் கையும் முழுக் காலும் மூடிய நீச்சலுடை இப்போது கடையில் இருக்கிறது. மாதத்தில் சில நாள் ஏலாது. அந்த நாளில் கரையில் இருந்து பார்க்கட்டும், மற்ற நாளில் இறங்கட்டும். ரியூசன் வகுப்பு இருக்கிறது. மார்கழியில் பத்து நாளுக்கு ரியூசன் பொறுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் கேட்கிறோம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற அம்மாவைக் கரையில் துவாயோடு இருத்தாதீர்கள். அவர்களுக்கும் ஒரு வகுப்பு வையுங்கள். எங்கள் விடுமுறைகளை எண்ணிப் பார்த்தபோது மூவருக்கும் ஒரே மாதிரித் தோன்றியது இதுதான். காலிமுகத்திடலில் நாங்கள் ஓடினோம், அம்மா பார்சல் பிரித்தார். மிருகக்காட்சிசாலையில் நாங்கள் யானை பார்த்தோம், அம்மா தம்பியைத் தூக்கினார். கடற்கரையில் நாங்கள் நனைந்தோம், அம்மா கல்லில் இருந்தார். அவர் நனைந்தது ஒரே ஒரு நாள், அதுவும் எங்களுக்காக.

வெளிநாடுகளில் இருக்கிற பழைய மாணவிகளில் எத்தனையோ பேர் இப்போது நீந்துகிறீர்கள். சிலர் பிள்ளைகளுக்குப் பழக்கியும் இருக்கிறீர்கள். டிசெம்பரில் ஊர் வரும்போது பத்து நாளில் இரண்டு நாளை எங்களுக்குத் தாருங்கள். பணம் தரக்கூடியவர்கள் பணம் தாருங்கள். ஒன்றும் ஏலாதவர்கள் உங்கள் வீட்டுப் பெண்பிள்ளையைக் கொண்டுவந்து விடுங்கள்.

முதல் வகுப்பில் பெயர் கொடுத்தவர்கள் இருவர் ஏற்கனவே இருக்கிறார்கள். ஒருத்தி வெள்ளவத்தை, ஒருத்தி கொட்டாஞ்சேனை. இருவருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இருவருக்கும் கொஞ்சம் பயம்தான். ரொறன்ரோவிலிருந்து மூன்றாமவள் வந்து கரையில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். துவாய் கொண்டுவரவேண்டாம், நீயும் இறங்கு என்று சொல்லிவிட்டோம்.